மூன்றாவது ட்ராக்

மலையூரான கபன்ஜாஹேயில் மெர்தின் தாரிகனைப் பற்றி இரண்டு விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, அவருடைய வலது கைக் கட்டைவிரல். இன்னொன்று, அவருடைய வீட்டில் ரெபு என்கிற பழைய கட்டுப்பாடு ஒருநாளும் தவறியதில்லை என்பது. இரண்டையும் அவரே காப்பிக் கடையில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டதால்தான் ஊருக்குத் தெரிந்தது. கேட்பவர்கள் சதுரங்கக் காய்களைப் பார்த்தபடி தலையாட்டுவார்கள்.

கட்டைவிரல் விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம். நாற்பது வயதுவரை மெர்தின் கீழே மேடான் நகரத்துக்கும் கபன்ஜாஹேக்கும் இடையே மினிபஸ் ஓட்டியவர். சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பார். இடுப்பு பிடித்துக்கொண்டு வண்டியை விட வேண்டி வந்தபோது, மேடானில் ஒருவர் தன் ஒலிப்பதிவு அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து ஓர் எட்டு ட்ராக் ரெக்கார்டரை வாங்கி, தூங்கும் பிள்ளையைத் தூக்கி வருவது போல மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதை முழுவதும் வந்து சேர்ந்தார். அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாக டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார்.

வீட்டின் பின்பக்கம் ஆரஞ்சு கொட்டி வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, கதவில் பழைய மெத்தையை ஆணியடித்து ஸ்டுடியோ ஆக்கினார். சமையலறைப் பக்கச் சுவரில் மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். முதல் இரண்டு வருடம் பாட வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சு வாசனையில் தும்மினார்கள். ஒரு தேவாலயப் பாடலில் அந்தத் தும்மல் இன்றும் இருக்கிறது.

அந்த ரெக்கார்டர் சதுரங்கப் பலகையைவிடக் கொஞ்சம் பெரியது. மேலும் கீழும் தள்ளுகிற எட்டு வால்யூம் குமிழ்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிகிற ட்ராக்கில்தான் அடுத்து பாடுவது பதியும்; அதில் ஏற்கெனவே இருந்தது போய்விடும். தப்பாகப் பதிந்துவிட்டால் பழையதை மீட்டுத் தர ‘அன்டூ’ என்று ஒரு பட்டனும் உண்டு. ஆனால் அது கடைசியாகப் பதிந்த ஒன்றைத்தான் விலக்கும். அதன்மேல் இன்னொரு தடவை பதிந்துவிட்டால், முதலில் இருந்தது போனது போனதுதான்.

பையன்கள் எல்லோரும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட பிறகும் மெர்தின் அந்த எட்டு ட்ராக்கை விடவில்லை. "திரையைப் பார்த்துக்கிட்டே இருந்தா கண்ணுதான் வேலை செய்யும், காது தூங்கிடும்" என்பார். எட்டு ட்ராக்கில் அடங்காத பாட்டு பாட்டே இல்லை என்பது அவர் கட்சி. நன்றாகப் பாடிய பாட்டில் ஒரே ஒரு சொல் பிசகியிருந்தால், பாட்டை ஓடவிட்டு, அந்தச் சொல் வருவதற்கு இமைப்பொழுது முன்னால் கட்டைவிரலால் பட்டனை அழுத்தி, பாடகரை அந்தச் சொல்லை மட்டும் பாட வைத்து, அடுத்த சொல் வருவதற்குள் விரலை எடுத்துவிடுவார். ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் அழிக்கக் கூடாத ஒன்றை அந்த விரல் அழித்ததில்லை.

அவருடைய ஸ்டுடியோவில் ஒரு சட்டமும் இருந்தது. யார் வந்தாலும் ஒரே ட்ராக்கில் அடுத்தடுத்து இரண்டு முறை பாட வேண்டும். முதல் முறை பாடியதை அவர் கேட்கக்கூட மாட்டார். "மொதல்ல பாடுறது பயம். அது வெளிய போகட்டும்" என்பார். பாதிரியாரே வந்தாலும் அதேதான்.

இனி ரெபு. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது, ஒரே பாயில் உட்காரக் கூடாது, அறையில் இரண்டு பேராகத் தனித்திருக்கக் கூடாது. இப்போதெல்லாம் பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. மருமகள்கள் மாமனாருக்கு போனில் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். மெர்தினிடம் அந்தப் பருப்பு வேகாது. மருமகள் லிஸ்னா அவருக்கு அந்நியமும் இல்லை. மனைவி மாலெமின் சொந்த அண்ணன் மகள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார். மகன் பஸ்தந்தாவைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரு சொல்கூட நேராக இல்லை.

பேச்சையெல்லாம் மாலெம்தான் சுமந்தாள். அவர் சமையலறை வாசலில் நின்று, "சாம்பல் விழுதுன்னு சொல்லு, துணியை எடுக்கச் சொல்லு" என்பார். மூன்றடி தள்ளி நிற்கிற லிஸ்னாவுக்குக் காது கேட்காதது போல மாலெம் திரும்பி, "கண்ணு, சினாபுங் மலை மறுபடியும் புகையுதாம். உன் சிவப்புச் சட்டை வீணாப் போயிடுமேன்னு மாமா கவலைப்படுறார்" என்பாள். மாலெம் வழியாகப் போகிற எதுவும் சர்க்கரை பூசிக்கொண்டுதான் போய்ச் சேரும். திட்டுகூட விசாரிப்பாக மாறிவிடும். மாலெம் வீட்டில் இல்லாத சமயத்தில் அவசரம் வந்தால் சுவரிடம் சொல்ல வேண்டியதுதான். "சுவரே, காப்பி பொங்குதுன்னு சொல்லு." உடனே அடுப்பு அணையும். "சுவரே, அணைச்சாச்சுன்னு சொல்லு." அது ஒன்றும் வேடிக்கையாக அவர்களுக்குத் தோன்றியதில்லை.

பஸ்தந்தா பாடகன் இல்லை. முட்டைக்கோஸ் லாரி ஓட்டியவன். ஆனால் கல்யாணமான நாலாவது வருடம் அவனாக ஒரு பாட்டுக் கட்டினான். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. லாரி எப்போது வரும் என்று அவள் கேட்பாள், சாலை எப்போது விடும் என்று அவன் கேட்பான். மெர்தின் மகன் பாட்டைக் கேட்டு, "மோசமில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது மற்றவர்கள் மாலை போடுவதற்குச் சமம். முதல் இரண்டு ட்ராக்கில் கீபோர்டும் கிட்டாரும் பதிந்தார்கள். மூன்றாவதில் பஸ்தந்தா தன் பங்கைப் பாடினான். லிஸ்னாவின் பங்கு ஆறாவதில் பதிவதாக இருந்தது. அறுவடை முடியட்டும் என்று அவள் தள்ளிப்போட்டாள்.

அறுவடை முடிவதற்குள் மேடான் இறக்கத்தில் லாரி கவிழ்ந்தது. அவனுடைய போனும் அதிலேயே நசுங்கிப்போனது. உறவினர்களிடம் அவன் சிரிக்கிற, சத்தம்போடுகிற வீடியோக்கள் சில இருந்தன. பாடுகிற குரல் என்று இருந்தது அந்த மூன்றாவது ட்ராக் மட்டும்தான். வேலை முடியாத பாட்டை மெர்தின் நகல் எடுக்க மாட்டார். அது அவருடைய இன்னொரு சட்டம். மகன் போன பிறகும் அந்தச் சட்டத்தை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. நகல் எடுத்தால் பாட்டு முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் கேரட் நறுக்கிக்கொண்டே லிஸ்னா, "அத்தை, என் பங்கை நான் பாடிடறேன்" என்றாள்.

மாலெம் சொல்லப் போவதற்குள் மெர்தின் கூடத்தில் எழுந்து நின்றுவிட்டார். அவருக்குத்தான் நேராகக் காது கேட்டுவிட்டதே.

முதல் நாள் சரியாக வரவில்லை. ஸ்டுடியோவில் மெர்தின் ரெக்கார்டர் முன்னால், லிஸ்னா மைக் முன்னால் சுவரைப் பார்த்து, நடுவில் ஸ்டூல் போட்டு மாலெம். ஹெட்போனில் பஸ்தந்தாவின் குரல் வந்ததுமே லிஸ்னாவுக்குப் பாட வரவில்லை. அழுதாள். இரண்டாம் நாளும் அதே கதை.

"சுதி எறங்குதுன்னு சொல்லு" என்றார் மெர்தின்.

"நல்லா இருக்காம் கண்ணு. இன்னொரு தடவை பாடினா இன்னும் நல்லா இருக்குமாம்" என்றாள் மாலெம்.

"நான் அப்படிச் சொல்லல."

"அவர் அப்படித்தான் சொல்றார்."

லிஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மூன்றாம் நாள் மெர்தின் ஒரு ஏற்பாடு செய்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று ஒரு தாளில் படம் போட்டு ரெக்கார்டர் மேல் ஒட்டினார். தான் அறையில் இல்லாமல் இருந்தால் அவள் கூச்சமில்லாமல் பாடுவாள் என்று அவருக்குப் பட்டது. ஓட விடுவது, நிறுத்துவது, மறுபடி ஆரம்பத்துக்குப் போவது, இந்த மூன்று மட்டும் அவள் வேலை. சிவப்பு விளக்கு அவர் வேலை.

அன்று காலை பத்து மணி இருக்கும். மூன்று பேரும் அறைக்குள் இருந்தார்கள். அவர் எல்லாக் குமிழையும் சரி பார்த்துவிட்டு, கடைசியாக ஆறாவது ட்ராக்கின் பட்டனை அழுத்தக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரசுமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாலெமைக் கூப்பிட்டாள். சிம்பா பலகாரம் செய்ய மாவு பிசைகிறாள், வெல்லம் எவ்வளவு என்று தெரியவில்லையாம். "இதோ வந்துட்டேன்" என்று மாலெம் எழுந்து போனாள்.

அறையில் இரண்டு பேர் மட்டும். மெர்தினுக்கு நெருப்பை மிதித்தது போலிருந்தது. பட்டனை அழுத்தினார், எழுந்தார், மெத்தைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்தார். எல்லாம் இரண்டு விநாடி. ஆறு வருடப் பழக்கம் அப்படி.

சமையலறையில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக்கொண்டார். உள்ளே லிஸ்னா பாடுவது மெத்தையைத் தாண்டி லேசாகக் கேட்டது. அழுகை இல்லை. குரல் உறுதியாக இருந்தது. இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று அவருக்கே தெரியாது. சந்தோஷத்தில் ஒரு பார்வை பார்க்கலாம் என்று கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

சிவப்பு விளக்கு மூன்றாவதில் எரிந்துகொண்டிருந்தது.

அவருக்கு எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. இருட்டில் கூட அந்த எட்டு விளக்கும் அவருக்கு இடம் பார்த்தே தெரியும். அவசரத்தில் எழும்போது ஆறுக்குப் போக வேண்டிய கட்டைவிரல் மூன்றில் இறங்கியிருக்கிறது.

பதறினாலும் அவர் மூளை வேலை செய்தது. மினிபஸ் ஓட்டிய மூளை. இன்னும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று கணக்குப் போட்டார். அவள் முதல் முறை பாடி முடிக்கட்டும். அன்டூவை ஒரு அழுத்து அழுத்தினால் பஸ்தந்தா திரும்பி வந்துவிடுவான். ஒரே ஒரு விஷயம்: அவள் இரண்டாவது முறை ஆரம்பிக்கக் கூடாது. ஆனால் ஆரம்பிப்பாள். இரண்டு முறை பாடுவது இந்த வீட்டின் சட்டம். சட்டம் போட்டவர் அவர்தான்.

பாட்டு முடிந்தது. லிஸ்னா தாளைப் பார்த்து நிறுத்தினாள். ஹெட்போனைக் கழற்றவில்லை.

மெர்தின் ஜன்னலருகில் போய் நின்றார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தட்டினால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். முகத்துக்கு முகம், ஒரு சாண் தூரத்தில், நடுவில் வெறும் கண்ணாடி. வீட்டில் வேறு யாருமில்லை. சுவரிடம் சொல்லலாம் என்றால் அவள் காதில் ஹெட்போன். கை தூக்கியபடியே நின்றது. பிறகு இறங்கியது. "மாலெம்" என்று கத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார்.

ரசுமி வீடு தூரம் ஒன்றுமில்லை. ஆனால் வேலியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நாய் வேறு. செருப்பு வார் அறுந்தது. மாலெம் முழங்கைவரை மாவோடு உட்கார்ந்து வெல்லத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவளை நிறுத்தச் சொல்லு, தொடாதேன்னு சொல்லு" என்றார். எவளை, எதை என்று அவளுக்குப் புரிவதற்குள் ஒரு நிமிடம் போனது. மாவுக் கையோடு மாலெம் ஓடிவந்து மெத்தைக் கதவைத் திறந்தபோது லிஸ்னா இரண்டாவது முறை கடைசி அடியில் இருந்தாள்.

மெர்தின் ரெக்கார்டரைப் பார்த்தார். மூன்றாவது ட்ராக்கில் லிஸ்னா இருந்தாள். அன்டூவை அழுத்தினார். அதற்கு முந்திய லிஸ்னா வந்தாள். அதற்கும் முந்தி இருந்தவன் வரவில்லை.

மூன்றில் எரிகிற சிவப்பு விளக்கை லிஸ்னாவும் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி அதற்குரிய கொக்கியில் மாட்டினாள். சமையலறைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து கேரட்டை நறுக்கத் தொடங்கினாள். மாலெம் கட்டிப்பிடித்தபோதுதான் பேசினாள். "அவர் குரல் காதுல கேட்கலை அத்தை. கேட்டா நான் அழுவேன்னு மாமா அணைச்சு வச்சிருக்கார்னு நெனச்சேன். எவ்வளவு நல்ல மனசுன்னு நெனச்சுக்கிட்டே பாடினேன்."

கூடத்தில் உட்கார்ந்திருந்த மெர்தினுக்கு இது காதில் விழுந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதற்கு இரண்டாம் நாள் லிஸ்னா, தீகா பினாங்காவில் இருக்கிற தன் அப்பா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். சோள அறுவடைக்கு ஆள் வேண்டுமாம். அறுவடை ஒரு சாக்கு என்று எல்லோருக்கும் தெரியும். "அவரோட குரலை என் கையாலேயே அழிச்சிட்டேன். இந்த வீட்ல எந்த மூஞ்சியோட உட்கார்ந்து சோறு தின்பேன்?" என்று அத்தையிடம் கேட்டாள். இருபத்தேழு வயது, பிள்ளை இல்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப் போனால் அந்தப் பழியையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போவாள், சாகும்வரை இறக்கி வைக்க மாட்டாள் என்று மெர்தினுக்குத் தெரிந்தது. அந்தப் பழி அவளுடையதில்லை.

"என் வெரல்தான் தப்புப் பண்ணுச்சுன்னு சொல்லு" என்றார் மாலெமிடம்.

மாலெம் போய்ச் சொன்னாள். எப்படிச் சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டார். "கண்ணு, உன் மேல ஒரு தப்பும் இல்லையாம், எல்லாம் தன்னோட தப்புன்னு மாமா ரொம்ப வருத்தப்படுறார்."

"எனக்காகச் சொல்றார் அத்தை. நீங்களும் எனக்காகச் சொல்றீங்க."

ஆறு வருடம் சர்க்கரை பூசியதன் பலன் அது. உண்மையைக் கொடுத்து அனுப்பினாலும் அது ஆறுதல் போலத்தான் போய்ச் சேர்ந்தது. மெர்தினுக்கு மாலெம் மேல் கோபம் வந்தது. பிறகு, அவள் அப்படிச் சுமக்காமல் போயிருந்தால் இந்த வீட்டில் மூன்று பேர் ஒன்றாக இருந்திருக்க முடியுமா என்று யோசித்தார்; கோபம் போய்விட்டது. ரெக்கார்டரில் தன் குரலைப் பதிந்து வைத்து அவளைக் கேட்கச் சொல்லலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்தார். எந்த ட்ராக்கின் பட்டனையும் தொடக் கை வரவில்லை.

காப்பிக் கடைக்குப் போனார். அவருடன் இருபது வருடமாகச் சதுரங்கம் ஆடித் தோற்கிற செந்தர் செம்பிரிங் காய்களை அடுக்கி வைத்திருந்தார்.

"மச்சான், ரெபுன்னா வீடு பத்தி எரிஞ்சாலும் பேசக் கூடாதா?" என்று கேட்டார் மெர்தின்.

"எரிஞ்சா பேசலாம். எங்கப்பா என் பொண்டாட்டிகிட்ட ஆயுசுக்கும் பேசினது ஒரே ஒரு வார்த்தை. 'பாம்பு.' அவ எகிறிக் குதிச்சா. அதுக்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார், இன்னொரு வார்த்தை பேசலை."

"பாம்புக்குப் பேசலாம். சரி. ஒரு பாட்டுக்குப் பேசலாமா?"

செந்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஊருக்கே விஷயம் தெரியும். கேலி செய்ய இது நேரமில்லை என்று அவருக்கும் தெரியும். "அது பாம்பா இல்லையான்னு நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும்" என்றார். "உன் குதிரையை நகர்த்து."

மெர்தின் அன்று செந்தரிடம் தோற்றார். செந்தருக்கு அதில் சந்தோஷமே இல்லை.

வீடு திரும்பும் வழியில் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். ரெபு மேலான ஒன்று என்று இப்போதும் அவர் நம்பினார். ஒரே கூரையின் கீழ் வயசுப் பெண்ணும் வீட்டு ஆண்களும் சங்கடமில்லாமல் நடமாட அது வழி செய்கிறது. யாரும் யாரையும் முறைத்துப் பேச இடமில்லை. அதிலே குற்றம் காண அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று அந்த ஜன்னலருகில் அவர் கையை இறக்கியது ரெபு மேல் வைத்த மதிப்பாலா? அல்லது காப்பிக் கடையில் இத்தனை வருடம் அடித்துக்கொண்ட பெருமைக்காகவா? முதலாவது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை அவரால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

திங்கள்கிழமை காலை லிஸ்னா பையோடு வீட்டு முன்னால் சாலையோரம் நின்றாள். மாலெம் உள்ளே அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே தாமதம் செய்கிறாள் என்பது தெரிந்தது. தீகா பினாங்கா மினிபஸ் வருகிற நேரம்.

மெர்தின் வெளியே வந்தார். மூன்றடி தள்ளி நின்றார். லிஸ்னா வழக்கம்போல முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"லிஸ்னா" என்றார்.

அவள் தோள் அசையாமல் நின்றது. அவர் வாயிலிருந்து தன் பெயர் வந்து அவள் கேட்டு ஆறு வருடம்.

"மூணாவது பட்டனை அழுத்தினது நான்தான். உன் அத்தை எழுந்து போனதும் அவசரத்துல எந்திரிச்சேன். ஆறை அழுத்த வேண்டிய வெரல் மூணை அழுத்திருச்சு. நீ மொத தடவை பாடி முடிச்சப்பவே எனக்குத் தெரியும். அப்பவே உன்னை நிறுத்தியிருந்தா ஒண்ணும் போயிருக்காது. ஜன்னல்கிட்ட வந்து நின்னேன். ஒரு தட்டு தட்டியிருந்தா போதும். தட்டலை. உன் அத்தையைத் தேடி ஓடினேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "இதை அவ சொன்னா ஆறுதல் சொல்ற மாதிரி இருக்கும். இது ஆறுதல் இல்லை. நடந்தது. நீ எதையும் சுமந்துக்கிட்டுப் போகாதே. அது என்னுது."

முட்டைக்கோஸ் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை லிஸ்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரிடம் சொல்வாளோ என்று அவர் எதிர்பார்த்தார். சாலையோரத்தில் சுவர் எதுவும் இல்லை.

"பார்த்தேன் மாமா" என்றாள்.

"எதை?"

"நீங்க ஜன்னல்கிட்ட வந்து நின்னதை. கையைத் தூக்கினதையும் பார்த்தேன். ஏதோ சொல்ல வர்றீங்கன்னு தெரிஞ்சுது. ஹெட்போனைக் கழட்டிட்டு வெளிய வந்து என்னன்னு சுவர்கிட்டயாவது கேட்டிருக்கலாம். மாமா மூஞ்சியைப் பார்க்கக் கூடாதேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். குனிஞ்ச தலையோடதான் ரெண்டாவது தடவை அழுத்தினேன்." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "இதை நான் அத்தைகிட்ட சொல்லவே இல்லை."

மெர்தினுக்கு எல்லாம் புரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருவன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் பஸ்தந்தா போய்விட்டான். மகனைப் புதைத்த அன்றுகூட அவர் ஆட்கள் முன்னால் அழவில்லை. இப்போது சாலையோரத்தில், வேலி மேல் ரசுமி எட்டிப் பார்க்க, வாய்விட்டு அழுதார்.

மினிபஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மாலெம் ஆரஞ்சுப் பையோடு வாசலுக்கு வந்து, இருவரும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். யாரிடம் யாருடைய பேச்சைக் கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏறப்போறீங்களா இல்லையா?" என்றான் டிரைவர்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் லிஸ்னா.

மினிபஸ் கிளம்பியது. மெர்தின் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதுகொண்டிருந்தார். லிஸ்னா இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.